சங்குப்பூவா, ரங்கூன் மல்லியா? சீக்கிரம் பூத்து வேலியை மூடும் கொடி எது?

வேலியோரம்:
எல்லாருக்கும் வணக்கம். வீட்டுக்கு மேற்கே கம்பிவலை வேலி இருக்கு. 20 அடி நீளம், 6 அடி உயரம். மதியத்திலேர்ந்து சாயங்காலம் வரைக்கும் நேர் வெயில். வேலிக்கு அந்தப் பக்கம் பூசாத சுவர், தினமும் அதைத்தான் பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருக்கேன். அதை மறைக்கிற மாதிரி கொடி வேணும். பச்சையா மூடினா மட்டும் போதாது, பூக்கணும். முடிஞ்சா இந்தப் பருவத்துக்குள்ளேயே.

போன தடவை சங்குப்பூ விதை 20 ஊன்றினேன், 3 தான் முளைச்சுது. அதுல ரெண்டைப் பிடுங்கி இடம் மாத்தி நட்டேன், வாடிப்போச்சு. அதுக்கு முன்னாடி, "வேகமா வளரும், கொத்துக் கொத்தா பூக்கும்"னு சொன்னாங்கன்னு ஒரு நர்சரியில ரங்கூன் மல்லிக் கன்று வாங்கினேன். ஒன்றரை வருஷமா தொட்டியில புதர் மாதிரி நிக்குது. மொட்டுகூட வரலை. இந்த ரெண்டுல எதை மறுபடி நடலாம்? இல்ல வேற கொடிக்குப் போயிடலாமா?

மண்வாசம்:
இந்தப் பருவத்துக்குள் பூ வேண்டுமென்றால் சங்குப்பூதான். நல்ல வெயில் இருந்தால் விதைத்த ஆறு முதல் எட்டு வாரத்தில் முதல் பூ வந்துவிடும். விதையைக் கீறினீர்களா?

வேலியோரம்:
கீறலை. ராத்திரி ஊற மட்டும் வெச்சேன்.

மண்வாசம்:
அதனால்தான் 20க்கு 3. சங்குப்பூ விதையின் தோல் தண்ணீரை உள்ளே விடாது. எத்தனை மணி நேரம் ஊறினாலும் கல் மாதிரியே கிடக்கும். விதையில் ஒரு ஓரத்தில் சின்னத் தழும்பு தெரியும், காயோடு ஒட்டியிருந்த இடம். முளை அந்தப் பக்கம்தான் இருக்கும், அதைத் தொடக் கூடாது. அதற்கு எதிர்ப்புறத்தில் நகவெட்டியால் தோலை மட்டும் துளி கிள்ளுங்கள், அல்லது உப்புத்தாளில் நாலு தேய்ப்பு. உள்ளே வெளிர் நிறம் எட்டிப்பார்த்ததும் நிறுத்திவிடுங்கள். பிறகு ராத்திரி ஊறவையுங்கள். காலையில் நன்றாக உப்பியிருப்பவற்றை ஊன்றுங்கள். உப்பாதவற்றைத் தூக்கிப் போடாதீர்கள், இன்னொரு கீறல் கீறி மறுபடி ஊறவைத்தால் போதும்.

நேராக வேலி அடியிலேயே ஊன்றுங்கள். ஆணிவேர்ச் செடி அது, வேர் அசைந்தால் பொறுக்காது. போன தடவை வாடியதும் அதனால்தான்.

மொட்டுக்காத்தி:
மண்வாசம் சொன்னதோட ஒண்ணு சேர்த்துக்கோங்க. நேரடியா ஊன்ற வசதியில்லேன்னா காகிதக் குவளையில ஒண்ணொண்ணா போட்டு, நாலு இலை வந்ததும் அடியை மட்டும் கிழிச்சுட்டு குவளையோட இறக்கிடுங்க. நான் தொட்டிச் செடி வளர்க்கிறவ, எனக்கு இப்படித்தான் கைவந்திருக்கு. நாலஞ்சு இலையில நுனியை ஒரு தடவை கிள்ளி விட்டா அடியிலேர்ந்தே ரெண்டு மூணு கிளை பிரியும். கிள்ளாம விட்டா ஒத்தை நூலா மேலே ஓடிடும், வேலியோட கீழ்ப்பாதி மொட்டையா நிக்கும்.

கொடிவழி:
வேலியோரம், "வேகமா வளரும்" என்று நர்சரியில் சொன்னது பொய்யில்லை. ஆனால் நீங்கள் கேட்டது வேகமாகப் பூப்பது. இரண்டும் வேறு. இந்தக் குழப்பத்தால் எத்தனையோ நல்ல கொடிகளைப் பிடுங்கிப் போட்டிருக்கிறார்கள் என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

சங்குப்பூ மெல்லிய தண்டுக் கொடி. தடித்த மரத்தண்டு கட்ட அது மெனக்கெடுவதில்லை. ஒரு கொழுகொம்பைச் சுற்றி எட்டு பத்து அடி ஏறும், ஏறும்போதே இலைக்கக்கத்தில் பூவும் வைத்துக்கொண்டே போகும். பல ஆண்டு வாழக்கூடியதுதான், ஆனாலும் இரண்டாம் ஆண்டுக்குப் பிறகு அடித்தண்டு முற்றி, பூ குறைந்து, கீழே சருகாகத் தெரிய ஆரம்பிக்கும். அப்போது அடியோடு வெட்டித் துளிர்க்க விடலாம். புதிதாக விதைத்துவிடுவதே எனக்குப் பிடித்த வழி.

ரங்கூன் மல்லி மரத்தண்டுக் கொடி. முதலில் அது கொடியாகவே இருக்காது. அடர்ந்த சிறு புதராக நின்று வேரைப் பரப்பும். வேர் போதும் என்றானதும் அடியிலிருந்து நீளமான, இலை தள்ளித்தள்ளி அமைந்த தண்டுகளை வீசும். ஏறும் கொடி அந்தத் தண்டுகள்தான். இடம் கொடுத்தால் 25 அடிக்கு மேலும் போகும். அவ்வளவு உடம்பையும் கட்டிய பிறகுதான் அது பூவில் கவனம் வைக்கும். உங்கள் செடி புதராக நிற்பதில் குறையில்லை, இன்னும் முதல் படியில் நிற்கிறது, அவ்வளவுதான்.

ஆனால் ஒன்றரை வருடம் கொஞ்சம் அதிகம். மூன்று கேள்வி: தொட்டி எவ்வளவு பெரியது? எத்தனை மணி நேரம் நேர் வெயில்? என்ன உரம் போடுகிறீர்கள்?

வேலியோரம்:
தொட்டி ஒரு அடி அகலம் இருக்கும் ஐயா. சன்ஷேடுக்குக் கீழே இருக்கு, காலையில ரெண்டு மணி நேரம் வெயில் படும். மாசம் ஒரு தடவை கொஞ்சம் யூரியா. நீளமா தண்டு நீட்டினா தொட்டி சாயுதேன்னு நறுக்கி விடுவேன்.

கொடிவழி:
நான்கு காரணமும் உங்கள் வரியிலேயே இருக்கிறது. வேர் போக இடமில்லை. வெயில் போதாது, அதற்குக் குறைந்தது ஐந்தாறு மணி நேரம் வேண்டும். யூரியா முழுக்கத் தழைச்சத்து, இலையைத்தான் கூட்டும். எல்லாவற்றுக்கும் மேல், நீங்கள் நறுக்கி எறிந்த அந்த நீளத் தண்டுகள்தான் ஏறிப் பூக்க வேண்டியவை. ரங்கூன் மல்லி அந்தப் பருவத்தில் வரும் புதுத் தண்டின் நுனியில் பூக்கும். நுனி போனால் பூ போச்சு.

செடிக்கு ஒன்றும் ஆகவில்லை, பிடுங்கிவிடாதீர்கள். தரையில் இறக்குங்கள். யூரியாவை நிறுத்துங்கள். குழியில் மக்கிய தொழு உரம் போதும்.

மண்வாசம்:
அப்படியானால் இரண்டையும் ஒரே வேலியில் வைக்கலாமே. இந்த வருடம் சங்குப்பூ மூடும், அடுத்த வருடம் ரங்கூன் மல்லி ஏறிக்கொள்ளும். சங்குப்பூ பயறு வகைக் குடும்பம், வேர்முடிச்சு மண்ணில் தழைச்சத்தும் சேர்க்கும்.

நிழல்தேடி:
ஒரே வேலியில் வேண்டாம். தயவுசெய்து வேண்டாம்.

இதே மாதிரி கம்பிவலை வேலியில் ரங்கூன் மல்லி ஏற்றியவன் நான். முதல் இரண்டு வருடம் கொள்ளை அழகு. நான்காவது வருடம் ஒரு மழை ராத்திரியில் 15 அடி வேலி அப்படியே படுத்துவிட்டது. கொடியின் எடை ஒரு பக்கம், அடர்ந்த தழை பிடித்துவைத்த மழைநீர் இன்னொரு பக்கம், அதோடு காற்று. தழை மூடிய வேலி காற்றுக்கு வழி விடாது, பாய் விரித்த மாதிரி எதிர்த்து நிற்கும். மறுநாள் வெட்டி எடுக்கப் போனால் தண்டு கம்பிக் கண்ணிகளுக்குள் நுழைந்து தடித்திருந்தது. கொடியை அறுக்காமல் வேலியைப் பிரிக்க முடியவில்லை, வேலியை அறுக்காமல் கொடியை எடுக்க முடியவில்லை. கை முழுக்கக் கீறல் வேறு. அந்தக் கொடிக்கு முள் இருக்கிறது என்றே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். இரண்டையும் சேர்த்துத்தான் அப்புறப்படுத்தினேன். அவ்வளவு பூத்த கொடியை அப்படி இழந்தது இன்னும் மனதில் இருக்கிறது.

ரங்கூன் மல்லிக்கு அதற்கென்று தனியாகக் கனமான கால் ஊன்றுங்கள். வேலியைச் சங்குப்பூவுக்கு விட்டுவிடுங்கள்.

இலைநரம்பு:
நிழல்தேடி சொன்ன முள் உண்மையில் முள்ளாகப் பிறப்பதில்லை. இலை உதிரும்போது இலைக்காம்பின் அடிப்பகுதி மட்டும் தண்டிலேயே தங்கி, இறுகி, வளைந்த கொக்கி மாதிரி ஆகிவிடுகிறது. பாகலுக்கு இருப்பது போல இதற்குப் பற்றுக்கம்பி கிடையாது. கிளை மேல் சாய்ந்து, அந்தக் கொக்கியால் மாட்டிக்கொண்டு மேலே மேலே போகும். அதனால் முதல் வருடம் நாமே தண்டைத் தூக்கித் தளர்வாகக் கட்டிவிட வேண்டும், அதுவாக ஏறும் என்று காத்திருந்தால் தரையில்தான் படரும்.

புதராக நின்று பிறகு கொடியாவதைக் கொடிவழி ஐயா சொன்னார். 17ஆம் நூற்றாண்டில் இந்தோனேசியாவின் அம்போன் தீவிலிருந்து தாவரங்களை ஆராய்ந்த ரம்ஃபியஸ் இதற்கு வைத்த பெயர் 'கிஸ்குவாலிஸ்'. லத்தீனில் 'யார், எப்படிப்பட்டது' என்று கேட்பது போன்ற பெயர். 1762இல், தாவரங்களுக்குப் பெயரிடும் முறையை வகுத்த லின்னேயஸ் அதையே முறைப்படி எடுத்துக்கொண்டு 'கிஸ்குவாலிஸ் இண்டிகா' ஆக்கினார். இன்றைய தாவரவியல் பெயர் 'காம்பிரீட்டம் இண்டிகம்'. தேடும்போது இரண்டு பெயரிலும் தேடுங்கள், பழைய பெயரில்தான் நிறையக் கிடைக்கும்.

மண்வாசம் சொன்ன தழைச்சத்தில் ஒரு சின்னத் திருத்தம். வேர்முடிச்சில் சேரும் தழைச்சத்தில் பெரும்பகுதியைச் சங்குப்பூவே உபயோகித்துக்கொள்ளும். பக்கத்துச் செடிக்குப் போய்ச் சேருவது பெரும்பாலும் அதன் வேரும் தழையும் மக்கும்போதுதான். அதனால் பருவம் முடிந்ததும் வேரோடு பிடுங்காமல், தரை மட்டத்தில் வெட்டி, தழையை அங்கேயே மூடாக்காகப் போட்டுவிடுங்கள்.

மண்வாசம்:
திருத்தத்துக்கு நன்றி. வேலி விஷயத்திலும் நிழல்தேடி சொல்வதை ஏற்றுக்கொள்கிறேன். எடையை நான் யோசிக்கவில்லை.

தூறல்நேரம்:
இவ்வளவு எதுக்கு? கொடி ரோஜா, அதான் ஆன்டிகோனான், அதை வெச்சா ரெண்டு மாசத்துல மூடிடும். இளஞ்சிவப்புப் பூ, தேனீ மொய்க்கும். தண்ணிகூட அதிகம் வேணாம்.

கொடிவழி:
தூறல்நேரம், அது அழகான கொடி, மறுக்கவில்லை. நான் அதைப் பரிந்துரைப்பதில்லை. மண்ணுக்குள் கிழங்கு வைக்கும். மேலே வெட்டினால் கிழங்கிலிருந்து மறுபடி வரும், கிழங்கு உடைந்தால் ஒன்று நாலாகும். மெக்சிகோவில் பிறந்த அந்தக் கொடி இன்று பல வெப்பமண்டலத் தீவுகளில் காட்டை மூடும் களையாக நிற்கிறது. நீலப் பூ பூக்கும் தன்பெர்ஜியாக் கொடியும் அப்படித்தான், ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்தில் அறிவிக்கப்பட்ட களை அது. வேலிக்கு வெளியே ஓடை, புறம்போக்கு, காடு எது இருந்தாலும் இந்த இரண்டையும் தவிர்ப்பது நல்லது. பத்து நாளில் வேண்டாம் என்று தோன்றினால் எடுத்துவிடக்கூடிய கொடியா என்று பார்த்துத்தான் நான் எதையும் நடுவேன்.

தூறல்நேரம்:
கிழங்கு இருக்கறது தெரியாது ஐயா. என் வீட்டு ஓரத்துல அதுதான் ஓடிக்கிட்டிருக்கு. இன்னிக்கே தோண்டிப் பார்க்கிறேன்.

வேலியோரம்:
எல்லாருக்கும் நன்றி. முடிவு பண்ணிட்டேன். வேலிக்குச் சங்குப்பூ. வேலியோட தெற்கு முனையில ரெண்டு இரும்புக் குழாய் கான்கிரீட் போட்டு ஊன்றி, மேலே குறுக்குக் குழாய் வெச்சு அதுல ரங்கூன் மல்லி. சங்குப்பூவுக்கு எவ்வளவு இடைவெளி? கம்பிவலையே கொழுகொம்புக்குப் போதுமா?

இலைநரம்பு:
ஒன்றேகால் அடிக்கு ஒன்று. 20 அடிக்குப் பதினைந்து, பதினாறு செடி வரும். சங்குப்பூ தண்டாலேயே சுற்றி ஏறும் கொடி, அதனால் வலைக்கம்பி அதற்கு மிகவும் தோதானது. கொடியின் நுனி பிடிமானம் தேடி வட்டமாகச் சுற்றிக்கொண்டே இருக்கும். டார்வின் ஒரு ஹாப்ஸ் கொடியின் பக்கத்தில் உட்கார்ந்து கணக்கெடுத்தபோது, வெயில் நாளில் அதன் நுனி ஒரு சுற்றுச் சுற்ற சுமார் 2 மணி 8 நிமிடம் ஆனது. நாம் செய்ய வேண்டியது அந்த வட்டத்துக்குள் ஒரு கம்பியோ சணலோ இருக்கும்படி பார்த்துக்கொள்வதுதான். எட்டாமல் சாய்ந்த நுனியை நீங்கள் எடுத்துச் சுற்றிவிட்டால், பக்கத்துக் கொடி எந்தப் பக்கமாகச் சுற்றியிருக்கிறது என்று பார்த்து அதே பக்கமாகச் சுற்றுங்கள். எதிர்ப்பக்கம் சுற்றினால் அவிழ்ந்துகொள்ளும்.

வேலியோரம் (முப்பது நாள் கழித்து):
கீறி ஊறவெச்ச 20 விதையில 17 முளைச்சுது! எல்லாம் இப்போ முழங்கால் உயரம், நுனி கிள்ளியாச்சு. ரங்கூன் மல்லியைத் தொட்டியிலேர்ந்து எடுத்தப்போ வேர் தொட்டி வடிவத்துக்கே சுருண்டு கிடந்துச்சு. ஓரத்து வேரைக் கொஞ்சம் பிரிச்சு விட்டு இறக்கினேன். இலை பாதி கொட்டிடுச்சு, பயமா இருக்கு.

கொடிவழி:
கொட்டட்டும். தண்டை நகத்தால் லேசாகச் சுரண்டிப் பாருங்கள், உள்ளே பச்சையாக இருந்தால் கவலையில்லை. தண்ணீர் தேங்காமல் ஈரம் மட்டும் இருக்கட்டும்.

வேலியோரம் (ஏழாவது வாரம்):
முதல் பூ! இன்னிக்குக் காலையில, வேலியோட நடுவுல, ஒண்ணே ஒண்ணு. அந்த நீலத்தைப் பார்த்துக்கிட்டு அங்கேயே நின்னுட்டேன். ரெண்டு செடியில மட்டும் இலை மேல வெளிர்ப் புள்ளி, அடியில நூலாம்படை மாதிரி இருக்கு. என்னன்னு சொல்லுங்க.

மொட்டுக்காத்தி:
வாழ்த்துகள்! புள்ளி செஞ்சிலந்திப்பேன். வெயிலும் வறண்ட காத்தும் சேர்ந்தா வரும். இலையோட அடிப்பக்கத்துல தண்ணியைப் பீய்ச்சி அடிங்க, மூணு நாளைக்கு ஒரு தடவை. அதுலயே பெரும்பாலும் அடங்கிடும். அடங்கலேன்னா வேப்பெண்ணெய்க் கரைசல், வெயில் இறங்கின பிறகு மட்டும்.

இன்னொண்ணு, காயைச் செடியில விடாதீங்க. பூ ஒரு நாள்தான் இருக்கும், வாடினதும் தட்டையா பச்சைக் காய் நீளும். காயை முத்த விட்டா செடி விதை கட்டறதுல இறங்கிடும், பூ குறைஞ்சுடும். ரெண்டு நாளைக்கு ஒரு தடவை பிஞ்சைக் கிள்ளிடுங்க. அடுத்த வருஷ விதைக்கு ஒரே ஒரு செடியை ஒதுக்குங்க. அதுல காய் பழுப்பா காஞ்சதும் எடுத்துடணும். விட்டா முறுக்கிக்கிட்டு வெடிச்சு விதையைத் தூக்கி எறிஞ்சுடும். குழந்தைங்க இருந்தா விதையை வாயில போடாம பார்த்துக்கோங்க, வயித்தைக் கலக்கிடும்.

இலைநரம்பு:
அந்த முதல் பூவை நாளைக்கு உற்றுப் பாருங்கள். அவரை, பட்டாணிப் பூக்களில் பெரிய இதழ் மேலே நிற்கும். சங்குப்பூ தலைகீழ், பெரிய இதழ் கீழே விரிந்து தேனீக்கு இறங்குமிடமாக இருக்கும். அதனால் மகரந்தம் தேனீயின் வயிற்றில் ஒட்டாமல் முதுகில் ஒட்டும். தேனீயே வராவிட்டாலும் தன் மகரந்தத்தாலேயே காய் பிடித்துவிடும், மொட்டுக்காத்தி அக்கா சொன்ன பிஞ்சு கிள்ளும் வேலை அதனால்தான் ஓயாது.

வேலியோரம் (ஒரு வருடம் கழித்து):
இந்த இழையை மறக்கலை. போன வருஷம் மூணாவது மாசத்துல வேலி முழுக்க மூடிச்சு, அஞ்சு மாசம் விடாம பூத்துது. பருவம் முடிஞ்சதும் இலைநரம்பு சொன்ன மாதிரி தரையோட வெட்டி மூடாக்குப் போட்டேன். இந்த வருஷம் என் சொந்த விதை.

ரங்கூன் மல்லி ஆறு மாசம் அசையவே இல்லை. அப்புறம் மழை வந்ததும் அடியிலேர்ந்து நாலு நீளத் தண்டு. தொடவே இல்லை, கட்டி மட்டும் விட்டேன். போன வாரம் முதல் கொத்து விரிஞ்சுது. சாயங்காலம் வெள்ளையா விரிஞ்சது, மறுநாள் ரோஸ், அடுத்த நாள் சிவப்பு. ஒரே கொத்துல மூணு நிறமும் இருக்கு. ராத்திரி வாசனை சன்னல் வரைக்கும் வருது. டார்ச் அடிச்சுப் பார்த்தா பெரிய அந்துப்பூச்சி ஒண்ணு அந்தரத்துல நின்னு குடிக்குது!

இலைநரம்பு:
அது பருந்து அந்துப்பூச்சி. பூவின் குழாய் இரண்டு அங்குலத்துக்கு மேல் நீளம், அடியிலுள்ள தேனை எட்ட அவ்வளவு நீள உறிஞ்சுகுழல் வேண்டும். இருட்டில் தெரிய வெள்ளை, வழிகாட்ட வாசனை. சிவந்த பிறகு பகலில் தேனீ, வண்ணத்துப்பூச்சி, தேன்சிட்டு எல்லாம் வரும். காலை ஏழு மணிக்குப் போய்ப் பாருங்கள்.

நிழல்தேடி:
படிக்கவே நிறைவாக இருக்கிறது. கவாத்து மட்டும் மறக்காதீர்கள். இந்தத் தடவை பூப்பது ஓய்ந்ததும், தாமதிக்காமல், பூத்த தண்டுகளை மூன்றில் ஒரு பங்கு குறைத்துவிடுங்கள். உள்ளே காய்ந்ததை எல்லாம் எடுத்துவிடுங்கள்.

மொட்டுக்காத்தி:
நான் ஒரு தடவை வெட்டி, அந்த வருஷம் முழுக்கப் பூவே பார்க்கலை. அதனால வெட்டுன்னாலே எனக்குப் பயம்.

நிழல்தேடி:
எப்போது வெட்டினீர்கள் அக்கா? பூ ஓய்ந்த உடனா, துளிர் நீண்ட பிறகா?

மொட்டுக்காத்தி:
துளிர் நல்லா நீண்டு பந்தலுக்கு வெளியே தொங்கினப்போ. ஓ, அந்த நுனியில்தான் பூ வந்திருக்கணும் இல்லையா. புரிஞ்சுது தம்பி, இந்தத் தடவை முன்னாடியே வெட்டிப் பார்க்கிறேன்.

வேலியோரம்:
கடைசியா ஒரு சந்தேகம். கொடியிலேர்ந்து ஆறடி தள்ளி, சங்குப்பூ வரிசைக்கு நடுவுல ரங்கூன் மல்லி இலை மாதிரியே ஒரு துளிர் வந்திருக்கு. விதை எதுவும் விழலையே?

கொடிவழி:
அது வேர்க்கன்று. கிடைமட்டமாக ஓடும் வேரிலிருந்து வரும், இனிமேல் வருடா வருடம் வரும். வேலிப்பக்கம் வருவதை விட்டுவைக்கவே கூடாது. மேலே கிள்ளினால் இன்னும் அடர்ந்து வரும், அதனால் மண்ணைத் தோண்டி, தாய்வேரோடு சேரும் இடத்தில் கத்தியால் அறுத்து எடுங்கள். சொந்தமாக நாலு வேர் விட்டிருந்தால் தொட்டியில் நட்டு இரண்டு வாரம் நிழலில் வையுங்கள், பிழைத்துக்கொள்ளும்.

தூறல்நேரம்:
பிழைச்சா அதை எனக்குக் கொடுங்க வேலியோரம். ஆன்டிகோனான் கிழங்கு ரெண்டு கூடை தோண்டி எடுத்தாச்சு, இன்னும் துளிர் வந்துக்கிட்டேதான் இருக்கு, வர வர எடுத்துக்கிட்டிருக்கேன். அந்த இடம் காலியானதும் கனமான கால் ஊன்றி இதை வைக்கப் போறேன்.

வேலியோரம்:
உங்களுக்குத்தான். நாளைக்கே தோண்டுறேன்.